தாயைத் தனியே வைத்த மூன்று நாட்கள்

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண், தம்பி கல்யாணத்துக்காக நாகர்கோவில் கிளம்பிய அன்று என்னை மேலே கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒருமுறை காட்டினாள். எந்த வாளியில் தண்ணீர், எந்த டப்பாவில் புழு, ஏசி எத்தனையில் இருக்க வேண்டும். கடைசியாகச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னாள்.

"அங்கிள், அந்த ஓட்டுத் துண்டை மட்டும் தூக்கிராதீங்க, கேட்டியளா? என்ன ஆனாலும் சரி."

"சரிம்மா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். சொன்னது திங்கட்கிழமை. புதன்கிழமை மதியம் தூக்கிவிட்டேன்.

ஓட்டுத் துண்டு என்றால் கூரை ஓடு உடைந்த சில்லு. ஒரு கண்ணாடிப் பெட்டி, பார்க்க மீன்தொட்டிதான், ஆனால் உள்ளே தண்ணீர் கிடையாது. தேங்காய் நார்த்தூளை ஈரமாக்கிப் பரப்பி, மேலே பாசி வைத்து, ஒரு மூலையில் அந்தச் சில்லைச் சாய்த்து வைத்திருந்தாள். அதற்கு அடியில்தான் அந்த ஜீவன். சாலமாண்டர் என்று அவள் சொல்வாள். என் வீட்டுக்காரி பல்லி என்பாள். பல்லி இல்லை. பல்லிக்குச் செதில் உண்டு, நகம் உண்டு. இதற்கு இரண்டும் கிடையாது. தவளைக்கு வால் வைத்து, இழுத்து நீட்டி, நாலு காலையும் ஒரே அளவாக வெட்டினால் எப்படி இருக்கும், அப்படி. கறுப்பு உடம்பு, முதுகில் துருப்பிடித்த மாதிரி பொட்டுகள், எந்நேரமும் ஈரம். நுரையீரலே கிடையாதாம், தோலாலேயே மூச்சு விடுமாம். அதனால் கையால் தொடக் கூடாது, நம் கைச்சூடே அதற்கு ஆகாது என்பாள்.

குளிர் தேசத்து உயிர். நம்ம பக்கத்து மே மாதத்தில் வெளியே வைத்தால் ஒரு வேளை தாங்காது. அதனால் இரண்டு அறையில் ஒன்றை அதற்கென்றே விட்டு, இரவும் பகலும் ஏசி போட்டிருந்தாள். அவள் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது பக்கத்து அறையில், மின்விசிறிக்கு அடியில். என் வீட்டுக்காரி ஒருமுறை மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:

"பல்லி குளுகுளுன்னு படுத்துகினு கீது. பெத்த பொண்ணு மாரி ஒருத்தி வேர்த்து ஊத்திகினு வேலை செய்றா. இன்னா கூத்துயா இது?"

கூத்தோ என்னமோ, அவளுக்கு அது மூன்று வருஷத்து வேலை. பெங்களூரில் இவற்றை வளர்க்கிற ஒருவரிடம் சின்னதாக நாலு வாங்கி வந்தாள். அவை பெரிதாகி ஆண் எது, பெண் எது என்று தெரியவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. போன வருஷம் ஒரு பெண் முட்டையிட்டது. எல்லாம் கெட்டுப்போனது. அந்த வாரம் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரி கொடுத்தனுப்பிய குழம்பு மூடி திறக்காமல் திரும்பி வந்தது. "நான்தான் அங்கிள், எட்டிப் பாத்துப் பாத்தே கெடுத்துட்டேன்" என்றாள். மற்ற மூன்றும் அதே அறையில் வேறு பெட்டிகளில் இருக்க, இந்த வருஷம் அதே பெண் இரண்டு வாரமாக ஓட்டுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. முட்டை வைத்திருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகம். ஆனால் தம்பி கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? அதனால்தான் என்னிடம் அந்தப் பேச்சு.

பார்த்தால் எப்படிக் கெடும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு. முட்டை விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எண் தெரியும், பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப்பெயர் படிப்பேன், அவ்வளவுதான். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத்துக்கு அடியில் விழும் இரும்புச் சீவலை அள்ளிக்கொண்டிருந்தவன், ஒருத்தர் சொல்லி மீன் வளர்ப்புக்கு வந்தேன். திருமுல்லைவாயிலில் இந்த மனைக்குப் பின்னாலேயே இருபத்திரண்டு சிமெண்டுத் தொட்டி. கோல்டு பிஷ், பார்ப், மோலி, கப்பி, ஃபைட்டர். விடியற்காலையில் குட்டைகளில் துணிவலை போட்டுத் தண்ணீர்ப்பூச்சி பிடித்து வந்து குஞ்சுகளுக்குப் போடுவேன். அப்போது இங்கிருந்து ஆவடி வரைக்கும் குட்டைக்குப் பஞ்சமில்லை. எந்தக் குட்டையில் எந்த மாதம் பூச்சி சிவப்பாகும் என்று எனக்குத் தெரியும். இப்போது அதில் ஒன்றின் மேல் நாலு மாடி நிற்கிறது. அதன் லிஃப்டில் ஒருமுறை ஏறியிருக்கிறேன். அது போகட்டும்.

மீனில் முதல் பாடம் ஒன்றுதான். முட்டை விழுந்ததும் தாயை எடு. கோல்டு பிஷ் முட்டை போட்ட கையோடு திரும்பி, தான் போட்டதையே பொறுக்கித் தின்னும். பார்ப் அதைவிட மோசம். மோலி குட்டி போடும், போட்ட குட்டியை விழுங்கும். அதனால் நைலான் கயிற்றைப் பிரித்துத் தொங்கவிட்டு, அதில் முட்டை ஒட்டியதும் தாயை வலையில் அள்ளி வேறு தொட்டியில் போட்டுவிட்டு, தண்ணீரில் நாலு சொட்டு நீல மருந்து விட வேண்டும், பூஞ்சை பிடிக்காமல் இருக்க. முப்பது வருஷம் இதைச் செய்தேன். இந்த வீட்டின் கீழ்த்தளம் அப்படிக் கட்டியதுதான். பிறகு போர்வெல் தண்ணீர் உப்பாகி, என் முட்டியும் தேய்ந்து, தொட்டிகளை இடித்து அதே இடத்தில் மாடிக்குத் தூண் எழுப்பினோம். மாடியில் வாடகைக்கு ஆள் வந்தது. எனக்குத்தான் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். கேட் வரைக்கும் போவேன், திரும்பி வருவேன். ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, எந்த ரயிலிலும் ஏறாமல் வீட்டுக்கு வருவேன்.

அப்படிப்பட்டவன் கையில் சாவி கொடுத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை நாலு முறை மேலே போனேன். போகச் சொன்னது இரண்டு முறை. செவ்வாய்க்கிழமை எத்தனை முறை என்று எண்ணவில்லை. என் வீட்டுக்காரி எண்ணியிருந்தாள்.

"முட்டி வலி, முட்டி வலின்னு ராவெல்லாம் தைலம் தேய்க்க சொல்றே. இன்னிக்கி ஏழு வாட்டி ஏறிட்டே. அங்க இன்னா, மாதா காட்சி குடுக்குறாங்களா?"

மாலையில் அந்தப் பெண் போன் செய்து, "அங்கிள், எத்தனை டிகிரி?" என்று கேட்பாள். "பத்தொம்போதும்மா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

என் தலைக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் பார்த்ததால் முட்டை கெட்டது என்கிறாளே, பார்த்தால் எந்த முட்டையாவது கெடுமா? தாயை எடுக்காமல் விட்டிருக்கிறாள், அதனால்தான் கெட்டது. படித்த பெண், ஆனால் தொட்டியில் கை விட்டவள் இல்லை. இப்போதும் உள்ளே தாய் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒன்றொன்றாகத் தின்றுகொண்டிருந்தால்? இவள் ஊரிலிருந்து வந்து பார்க்கும்போது ஓட்டுக்கு அடியில் ஒன்றுமே இருக்காது. பக்கத்தில் இருந்தும் நான் சும்மா இருந்தேன் என்று ஆகும்.

புதன்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மேலே போனேன். கையைக் கழுவினேன். சில்லை இரண்டு விரலால் மெல்லத் தூக்கினேன்.

அதன் அடிப்பக்கத்தில், ஒரே காம்பிலிருந்து தொங்குவதுபோல, வெந்த ஜவ்வரிசிக் கொத்து. பதினாலு முட்டை. அந்தத் தாய் வாலையும் உடம்பையும் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு, தாடையை மேலே வைத்திருந்தது. வெளிச்சம் பட்டதும் வாயைத் திறந்து மூடியது. வாய்க்குப் பக்கத்தில் ஒரு முட்டை.

எனக்கு அது போதும். ஒரு பிளாஸ்டிக் கரண்டியை நனைத்து, தாயை அலுங்காமல் ஏற்றி, ஈரத்தாள் போட்ட வேறு டப்பாவில் விட்டு மூடினேன். சில்லை முன்போலவே சாய்த்து வைத்தேன். எல்லாம் ஐந்து நிமிஷம். கீழே இறங்கும்போது முட்டி வலிக்கவே இல்லை.

அன்று மாலை போன் வந்தது. பத்தொன்பது டிகிரி என்றேன். தாயை எடுத்ததைச் சொல்லவில்லை. வந்ததும் முட்டையைக் காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. தூக்காதே என்றதைத் தூக்கியிருக்கிறேன், அதனால் சொல்லவில்லை.

வியாழக்கிழமை முட்டைகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் டப்பாவில் தாய் ஓரிடத்தில் இல்லை. சுவரோரமாகவே சுற்றியது. மூலைக்கு மூலை மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சுற்றியது. புழு போட்டேன், தொடவில்லை. நானும் கீழே அப்படித்தான் சுற்றினேன். சேக்காட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனால் கொஞ்சம் மறக்கும் என்று போனேன். டீ பாதி குடிப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

"இன்னா நைனா, வந்ததுலேந்து வாசலையே பாத்துகினு கீறே? அம்மாகூட சண்டையா?"

"ஒண்ணும் இல்லடி. தண்ணி மோட்டார் நிறுத்துனேனா இல்லியான்னு தெரியல."

பொய் சொன்னால்தான் அங்கிருந்து கிளம்ப முடியும்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு முட்டையின் மேல் பஞ்சு. வெள்ளையாக, மெல்லிசாக, பனங்கிழங்கு நார்போல. எனக்கு அது பழகிய பஞ்சுதான். ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். பதறவில்லை. நீல மருந்துதானே என்று பரணில் தேடினேன். பழைய புட்டியில் அடியில் காய்ந்த கறைதான் இருந்தது. ஷேர் ஆட்டோ பிடித்து ஆவடி மார்க்கெட்டில் எனக்குப் பழக்கமான வளர்ப்பு மீன்கடைக்குப் போனேன். கடைக்காரன் ஒரு காலத்தில் என் தொட்டி ஃபைட்டர்களை வாங்கி விற்றவன்.

"வா அண்ணாத்தே! இன்னா, மறுபடியும் தொட்டி கட்டிட்டியா?"

"இல்ல மாமே. ஒரு முட்டைக்குப் பூஞ்சை புடிச்சிகினு கீது. நீல மருந்து ஒண்ணு குடு."

"இன்னா மீனு?"

மீன் இல்லை என்று ஆரம்பித்து, எப்படி இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அவன் புட்டியை எடுத்த கையோடு நின்றான்.

"ஓட்டுல தொங்குது, அடியில மண்ணு. தண்ணியே இல்லாத எடத்துல இத்த எங்க ஊத்துவே?"

நான் சட்டைப்பையில் காசு தேடினேன்.

"அண்ணாத்தே, வயசாயிடுச்சி உனக்கு" என்று சிரித்துக்கொண்டே புட்டியைக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் திரும்ப வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்தக் கேள்விதான். தண்ணீரில் இல்லாத முட்டை. அப்படியானால் காட்டில் இதற்கு எவன் நீல மருந்து விட்டான்? யாரும் விடாமல் அங்கே எப்படிப் பொரிக்கிறது? ஆனால் முழுதாக யோசிக்க மனம் வரவில்லை. யோசித்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்திருந்தது.

மாலையில் போன். "எத்தனை டிகிரி அங்கிள்?"

"பத்தொம்போது."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா."

சனிக்கிழமை நாலு முட்டையில் பஞ்சு. அன்று மாடிப்படியில் இறங்கும்போது என் வீட்டுக்காரி கீழ்ப்படியில் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்?

"இன்னா ஒடச்சே மேல?"

"ஒண்ணும் ஒடக்கல."

"சோறு ரெண்டு நாளா அளையுறே. அந்தப் பொண்ணு போன் வந்தா மூஞ்சி மாறுது. இன்னா செஞ்சே, சொல்லு."

படியிலேயே உட்கார்ந்து சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அது முட்டைய சுத்திக் கட்டிப் புடிச்சிகினு இருந்துச்சா?"

"ஆமா."

"திங்கறதுக்குக் கட்டிப் புடிக்குமா? ஏன்யா, உன் ஃபைட்டரு இன்னா பண்ணும்? நொரையில முட்டைய வெச்சிகினு ஆம்பள மீனு ரெண்டு நாளு அங்கியே காவல் காக்கும், கிட்ட போனா வெரலு கடிக்கும்னு நீதான எனக்குக் காட்டுனே?"

"அது அப்பன் மீனு."

"அப்பன் காத்தா ஒத்துக்குவே, ஆத்தா காத்தா திங்க வந்தவளா? நல்லா கீதுயா உன் நாயம்!"

அவள் சொன்னது அவ்வளவும் என் தொட்டியிலேயே முப்பது வருஷம் நடந்தது. ஃபைட்டர் மீன் எச்சில் நுரையால் கூடு கட்டி, விழும் முட்டையை வாயால் பொறுக்கித் திரும்ப வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் அப்பனைத் தனியே எடுத்தால் முட்டை நாசம் என்பதும் தெரியும். தெரிந்ததை ஒரு மூலையில் தள்ளி வைத்துவிட்டு, மற்ற இருபது தொட்டியின் பழக்கத்தை எடுத்துக்கொண்டு மேலே போயிருக்கிறேன்.

"போனப் போடு" என்றாள்.

"கல்யாண வீடுடி. இன்னிக்கித்தான் கல்யாணம்."

"நாளைக்குப் போட்டா உசுரு வந்துடுமா? போடு."

போட்டேன். அந்தப் பக்கம் ஒரே சத்தம், பாட்டு, யாரோ மைக்கில் பேசுகிறார்கள். "அங்கிள், ஒரு நிமிஷம்" என்று வெளியே வந்தாள் போல. சொன்னேன். ஓட்டைத் தூக்கியது, தாயை எடுத்தது, புதன்கிழமையிலிருந்து மறைத்தது, பஞ்சு பிடித்தது. ஒன்றையும் குறைக்கவில்லை.

பின்னால் யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். வருகிறேன் என்று அவர்களிடம் சொன்னாள். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அவ தோலுலேருந்து ஊறுற ஈரம்தான் அங்கிள் பூஞ்சையை அண்ட விடாது. போன வருஷம் நான் ஓட்டைத் தூக்கித் தூக்கிப் பாத்துதான் அவ முட்டையை விட்டுட்டுப் போனா. இப்பவே அவளைத் திருப்பி விடுங்க. முட்டைக்குப் பக்கத்துல, தலை அந்தப் பக்கம் இருக்கணும். மூணு நாளாச்சு, ஏத்துப்பாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் கை வைக்காதீங்க. அவ என்ன பண்ணினாலும் கை வைக்காதீங்க."

"சரிம்மா."

"இந்தத் தடவையாவது."

போனை வைத்துவிட்டாள்.

கரண்டியை நனைத்து, தாயைத் தூக்கி, சொன்னபடியே விட்டேன். அது முட்டையைப் பார்க்கவே இல்லை. நேராக எதிர் மூலைக்கு நடந்து போய் பாசிக்குள் தலையை விட்டுக்கொண்டது. கொஞ்சம் நேரம் நின்று பார்த்தேன். பிறகு, பார்ப்பதும் ஒரு கை வைப்பதுதானோ என்று தோன்றி, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரி பூசைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். எப்போதும் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போகிறவன். பங்குச்சாமியார் என்ன பேசினார் என்று காதில் விழவில்லை. திரும்பும் வழியில், "பல்லிக்காக முட்டி போட்ட மொதோ ஆளு நீதான்" என்றாள். அவளும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போனது. பராமரிப்பாம், பகல் முழுக்க வராதாம். ஏசி நின்றது. இதற்கு அவள் முன்பே வழி சொல்லியிருந்தாள். பிரிட்ஜில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்திருந்தாள். அவற்றைத் துணியில் சுற்றிப் பெட்டியைச் சுற்றி அடுக்க வேண்டும். அதனால் நான் உள்ளே போயே ஆக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். பாட்டிலை அடுக்கும்போது கண்ணாடியின் பக்கவாட்டில், சில்லுக்கும் நார்த்தூளுக்கும் நடுவே விரல் அகல இடைவெளி தெரிந்தது. அதில் பார்வை விழுந்துவிட்டது.

தாய் முட்டையிடம் இருந்தது. உடம்பு வளைந்திருந்தது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது, உண்மை. அடுத்த நொடி அதன் தாடை அசைந்தது. பஞ்சு பிடித்த முட்டை ஒன்றைக் காம்போடு இழுத்து, கண்ணை உள்ளே அழுத்தி, விழுங்கியது. பிறகு அடுத்ததை.

தின்கிறது. நான் சொன்னதுதான் நடக்கிறது. முப்பது வருஷம் பார்த்ததுதான்.

என் கை தானாகவே கரண்டிக்குப் போனது. நனைக்கவும் நனைத்துவிட்டேன். இடது கையால் போனைப் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டேன். எடுக்கவில்லை. உள்ளே மூன்றாவது முட்டை போகிறது. இன்னும் எத்தனை இருக்கும்? அது எல்லாவற்றையும் தின்று முடித்தால் நான் கரண்டியோடு நின்று வேடிக்கை பார்த்தவன். எடுத்துவிட்டால், சொல்லிச் சொல்லியும் இரண்டாவது முறையும் கை வைத்தவன். பெட்டியின் மூடியில் கை இருந்தது. வியர்வை மூக்கின் மேலிருந்து கண்ணாடியில் சொட்டியது.

கரண்டியைக் கீழே போட்டேன். மிச்சம் இருந்த பாட்டில்களை அடுக்கினேன். அறையைப் பூட்டினேன். படிக்கட்டில் வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அப்படி வைக்காவிட்டால் எழுந்து போய்விடுவேன்.

என் வீட்டுக்காரி விசிறியோடு வந்து பார்த்தாள்.

"இன்னா, கைய அடகு வெச்சிட்டியா?"

"திங்குதுடி."

என் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். அவளுக்கும் எனக்குமாக.

"சொன்ன சொல்லு கீதுல்ல" என்றாள் அப்புறம். "குந்து."

பாட்டில் மாற்ற மட்டும் இரண்டு முறை போனேன். கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டே மாற்றினேன். கரண்டு மூன்று மணிக்கு வந்தது. மாலை அவள் போன் செய்தாள். உறவுக்காரர் வீட்டு விருந்தில் போன் பையில் இருந்துவிட்டதாம். பார்த்ததைச் சொன்னேன். "கை வச்சீங்களா?" என்றாள். "வெக்கல" என்றேன். "நெசமா?" என்றாள். கேட்க வேண்டியதுதானே. "நெசமாம்மா."

புதன்கிழமை காலை ரயிலிறங்கி நேராக மேலே போனாள். நான் கீழேயே நின்றேன். அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். தலைகூட வாரவில்லை.

"ஒம்போது இருக்கு அங்கிள். கெட்டதை மட்டும்தான் தின்னிருக்கா. கூட இருந்த ஒண்ணுக்கும் பரவியிருந்துச்சு போல, அதையும் எடுத்துட்டா. எடுக்காம விட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும்."

சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

ஆடி மாதம் பொரித்தது. ஏழு. அவளே கீழே வந்து கூப்பிட்டாள். தலைப்பிரட்டை மாதிரி இருக்கும், தண்ணீரில் விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதிலும் தப்பு. நகத்துண்டு நீளத்தில், நாலு காலோடு, முதுகுப் பொட்டோடு, தாயை அப்படியே சின்னதாக்கியதுபோல இருந்தது ஒவ்வொன்றும். கொஞ்ச நாள் கழித்து ஒவ்வொன்றையும் ஈரத்தாள் போட்ட தனித்தனி டப்பாவில் விட்டாள். அசையும் இரையைத்தான் தின்னும், அதுவும் கடுகைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். அவள் கரித்துண்டில் வளர்த்த, புள்ளிபோலத் துள்ளும் வெள்ளைத் தத்துப்பூச்சி ஏழு வாய்க்குப் போதவில்லை. அங்கே எனக்கு வேலை கிடைத்தது. அழுகிய வாழைப்பழத்தில் சின்ன ஈ வளர்ப்பது மீன்காலத்திலிருந்தே தெரியும். பறக்காமல் இருக்க, புட்டியோடு பிரிட்ஜில் ஐந்து நிமிஷம் வைத்து எடுத்துக் கொட்டுவேன்.

"மீனு வெச்ச பிரிட்ஜு, கறி வெச்ச பிரிட்ஜு பாத்துருக்கேன். ஈ வெச்ச பிரிட்ஜு இந்த ஊட்லதான்யா" என்று என் வீட்டுக்காரி அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிவிட்டாள்.

வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பெண் ஆபீசுக்குப் போக வேண்டும். அந்த இரண்டு நாளும் மதியத் தீனி என் பொறுப்பு. மூடியைத் திற, ஈயைப் போடு, மூடு. வேறு எதுவும் செய்வதில்லை.

அப்படி ஒரு மதியம் நாலாவது டப்பாவைத் திறந்தபோது குட்டி மல்லாந்து கிடந்தது. முந்தின நாளே கொஞ்சம் மெலிவாகத்தான் தெரிந்தது. டப்பாவை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அவளுக்கு அப்போது மீட்டிங் நேரம். சாயங்காலம் வந்ததும் நேரில் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போனை எடுத்துவிட்டேன்.

"மீட்டிங்ல இருக்கேன் அங்கிள்" என்றாள், தாழ்ந்த குரலில்.

"நாலாவது டப்பா செத்துப்போச்சும்மா. இப்பத்தான் பாத்தேன். பாத்ததும் போடுறேன்."

அங்கே யாரோ இங்கிலீஷில் பேசுவது கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம்.

"மத்ததெல்லாம் பாத்துட்டீங்களா?"

"மூணு பாத்துட்டேன், நல்லா கீது. இன்னும் மூணு கீது."

"பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஐந்தாவது மூடியைத் திறந்தேன். குட்டி தாளுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, விழுந்த ஈயைப் பார்த்துக்கொண்டே நின்றது. நாக்கு போய் வந்தது தெரியவில்லை, ஈ மட்டும் இல்லை.

"இது துன்னுதும்மா" என்றேன்.

"அடுத்தது?"

கையைத் துடைத்துக்கொண்டு ஆறாவதைத் திறந்தேன்.